‘டிராவல் பாஸ்’: பயண அட்டையா, பயணக் கடவா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற வாரம் கோலாலம்பூரில், மஸ்ஜித் ஜமேக் எல்.ஆர்.டி (இலகு ரயில்) நிலைய முகப்பில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி. ஒரு கையில் ஏதோ ஒரு சங்கம் அச்சிட்ட தமிழ்த் துண்டறிக்கை, மறு கையில் உறை கிழிந்த டச் என் கோ அட்டை, பணம் நிரப்பிப் பயன்படுத்துவோமே, அது. மாத அட்டை வேண்டும் என்று மலாயில் கேட்டார். உள்ளே இருந்த பெண், “இதோ உங்கள் கையிலேயே இருக்கிறதே” என்று பொறுமையாகச் சொன்னார். பாட்டி துண்டறிக்கையை நீட்டினார்: “50 வெள்ளி (ரிங்கிட்) செலுத்தி மாதாந்திரப் பயண அட்டை பெறலாம்.” இதே பேச்சு மூன்று முறை நடந்தது. நான் குறுக்கிட்டு, “புது அட்டை தர மாட்டார்கள் அம்மா, இந்த அட்டைக்குள்ளேயே ஏற்றித் தருவார்கள்” என்றேன். “எதை?” என்று கேட்டார். எனக்குச் சொல் வரவில்லை.

அந்த ‘எதை’ என்பதற்குத்தான் இந்த மடல்.

நாம் எல்லாவற்றையும் ‘பயண அட்டை’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இங்கே மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, எல்.ஆர்.டி.யில் ஒரே பயணத்துக்கு வாங்கும் நீல டோக்கன். நுழையும்போது வாசிப்பியில் வைக்கிறோம், வெளியேறும்போது துளையில் போட்டுவிடுகிறோம். வட்டமாக இருப்பதால் ‘வில்லை’ என்றால் யாருக்கும் புரியும். அதில் எனக்கு வழக்கில்லை. இரண்டாவது, அட்டை. 1997-இல் நெடுஞ்சாலை டோல் கட்டுவதற்காக வந்த டச் என் கோ இன்று ரயிலுக்கும் பேருந்துக்கும் ஆகிறது. மூன்றாவதுதான் சிக்கல். பாட்டி கேட்ட 50 வெள்ளி மாதப் பாஸ், மை50 என்று சொல்கிறார்களே, அதற்கென்று தனி உருவமே கிடையாது. குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துகொண்டால், 30 நாளைக்கு எல்.ஆர்.டி, எம்.ஆர்.டி (பெருவிரைவு ரயில்), மோனோரயில், ரேபிட் கே.எல் பேருந்துகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம் என்ற உரிமை அட்டைக்குள் ஏறிக்கொள்கிறது. அவ்வளவுதான். அட்டையில் உள்ள பணம் அதன்பாட்டில் தனியே கிடக்கும்.

இந்த வேறுபாடு தெரியாமல் போனால் என்ன ஆகும்? பத்துமலைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். கே.எல். சென்ட்ரல் வரை எல்.ஆர்.டி.யில் பணம் கழியாது. அங்கே மாறி கொமுட்டர் என்ற புறநகர் ரயிலில் ஏறினால் மை50 செல்லாது. அதே அட்டையிலிருந்து பணம் கழியும். “மாத அட்டைதானே வைத்திருக்கிறேன், ஏன் காசு போனது?” என்று என் மாமியாரே கேட்டார். ‘மாத அட்டை’ என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

‘பாஸ்’ என்றே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வீர்கள். பேச்சில் விடலாம். ஆனால் நம் நாட்டு நாளிதழில் ‘பாஸ்’ என்ற தலைப்பைக் கண்டதும் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதே பெயருள்ள ஒரு அரசியல் கட்சி. ‘அனுமதிச்சீட்டு’ என்றால் மறுபடியும் கையில் பிடிக்கிற தாள் ஆகிவிடுகிறது. ‘பயண உரிமை’ பொருளுக்குக் கிட்ட வருகிறது, ஆனால் வழக்கறிஞர் கடிதம்போல் இருக்கிறது.

என் முன்மொழிவு: கடவு. வழி, கடந்து செல்லும் இடம் என்பது அதன் பழைய பொருள். சீட்டும் இல்லை, அட்டையும் இல்லை. கடந்து போக விடுவது எதுவோ அது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ‘கடவுச்சீட்டு’ பாஸ்போர்ட்டைக் குறிக்கும். நாம் அதைக் ‘கடப்பிதழ்’ என்கிறோம், ஆகவே இங்கே அந்தச் சொல் சும்மாதான் இருக்கிறது. பணத்தை ‘நிரப்புவோம்’, கடவை ‘ஏற்றுவோம்’. வினையும் பிரிந்துவிட்டால் குழப்பம் பாதி தீரும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து,
அன்புடன்

*

தம்பி, வணக்கம்.

அட்டை வேறு, அதில் ஏறுவது வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பள்ளியில் முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் ஒரு தடை சொல்கிறேன். திறன்பேசியில் ‘கடவுச்சொல்’ எல்லார் கண்ணிலும் படுகிறது. “உங்கள் கடவு முடிந்துவிட்டது” என்று குறுஞ்செய்தி வந்தால் என் வயதுக்காரர்கள் கடவுச்சொல்லை மாற்றப் போய்விடுவார்கள். இன்னொன்று, அவசரத்தில் படித்தால் ‘கடவுள்’ என்று கண் ஓடுகிறது. கடவுள் முடிந்துவிட்டார் என்று ஒரு முகப்பில் எழுதி ஒட்டலாமா?

கிள்ளானிலிருந்து

*

அக்கா, காலையிலேயே சிரிக்க வைத்துவிட்டீர்கள்.

தடை நியாயமானது. தனிச்சொல்லாக விட வேண்டாம். ‘பயணக் கடவு’ என்றோ ‘30 நாள் கடவு’ என்றோ எப்போதும் அடைமொழியோடு எழுதுவோம். கடவுச்சொல்லோடு உறவு இருப்பதை நான் குறையாக நினைக்கவில்லை. அதுவும் ஒரு வாயிலைத் திறக்கத்தான் செய்கிறது. ‘மை50’ விற்பனைப் பெயர், அதை மொழிபெயர்க்க வேண்டாம். முன்பு மை100, மை30 என்றும் இருந்தன. விலையே பெயராகிவிடுகிற பொருளுக்கு நாம் பெயர் வைத்து மாளாது.

என் சோதனை இதுதான். முகப்பில் நின்று ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா? “அட்டையில் பணம் இருக்கிறது, பயணக் கடவு முடிந்துவிட்டது.” வீட்டில் மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். “அப்படியானால் கடவை மட்டும் ஏற்றிவிடு” என்றார்.

அந்தத் துண்டறிக்கையை மறுபடியும் அச்சிடப்போகிறார்களாம், திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: “உங்களிடம் உள்ள அட்டையிலேயே 50 வெள்ளிக்கு 30 நாள் பயணக் கடவை ஏற்றிக்கொள்ளலாம். கொமுட்டர் ரயிலுக்கு இது செல்லாது. அதற்கு அட்டையில் பணம் நிரப்பி வைத்திருங்கள்.”

*

தம்பி, “புது அட்டை வாங்க வேண்டாம்” என்று முதல் வரியிலேயே போடு. அந்தப் பாட்டி அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.