மறுமொழி: டிடெக்டரில் மண்ணின் சத்தத்தைக் கழிப்பதற்கு ஒரு சொல் – ‘தடைகட்டல்’

அன்புள்ள அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்,

மூன்று நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு எழுதாமல் இருக்க ஏலவில்லை. மெல்பேர்னில் இருந்து அக்கா கேட்டது சின்னக் கேள்விதான். விக்டோரியாவில் லீவு நாட்களில் டிடெக்டரை, அதாவது மண்ணுக்குள் இருக்கிற உலோகத்தைச் சத்தத்தால் காட்டும் இயந்திரத்தை, தூக்கிக்கொண்டு தங்கம் தேடப் போகிற நம்மட ஆட்களுக்கு, இயந்திரத்தைப் பாவிக்கிற விதமும் அதைப் பழுதாகாமல் வைத்திருக்கிற விதமும் சொல்லும் ஒரு கைநூலை அவர் தமிழில் எழுதுகிறார். எல்லாம் ஓரளவு வந்துவிட்டது, ‘கிரவுண்ட் பலன்ஸ்’, அதாவது மண்ணால் வருகிற சத்தத்தை இயந்திரத்தில் கழித்துவிடுகிற வேலை, என்ற இடத்தில் மட்டும் எழுத்து நின்றுவிட்டது. அதற்கு வந்த மறுமொழிகளில் முதலாவது இது:

> ‘நிலச் சமநிலை’ என்று வைத்தால் போதுமே, சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

ஐயா, சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் பொருள் வேறு பக்கம் போய்விடுகிறது. சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ வட்டைக்குள் நிற்கிற ஒருவரிடம் ‘நிலத்தைச் சமப்படுத்து’ என்றால் அவர் உழுத வயலை மட்டம் பண்ண இறங்குவார். அதில் பிழை இல்லை, அந்தச் சொல் நூற்றாண்டுகளாக அந்த வேலைக்கே உரியது. அதோடு ‘சமநிலை’ என்பது ஒரு நிலை. நமக்கு வேண்டியது ஒரு செயலின் பெயர். காலையில் ஒருமுறை செய்து, பத்தடி தள்ளி மண் மாறினால் மறுகா செய்து, மழை பெய்து ஈரமானால் இன்னொருமுறை செய்கிற வேலை இது. அதனால் முதலில் வினையைத் தேடுவோம், பெயர் அதிலிருந்து பிறக்கட்டும்.

உண்மையில் அங்கே என்ன நடக்கிறது? இயந்திரத்தின் அடியில் இருக்கிற கம்பிச் சுருளில் மாறிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது, அந்தப் புலம் உலோகத்துக்குள் சுழன்றோடும் மின்னோட்டத்தை, அதாவது சுழியோட்டத்தை, தூண்டுகிறது, சுழியோட்டம் திருப்பி அனுப்பும் சிறு புலத்தை இயந்திரம் பிடித்துச் சத்தமாக்குகிறது. இது எல்லோரும் பாடசாலையில் படித்ததுதான். சிக்கல் என்னவென்றால் மண்ணும் மறுமொழி சொல்கிறது. மக்னடைட் மாதிரி இரும்புத் தாதுக்கள் கிடக்கிற மண், உப்புத்தண்ணீரில் ஊறிய மணல், இரண்டும் தங்களுக்கென்று ஒரு குரல் வைத்திருக்கின்றன. அந்தக் குரல் பெரிது, அரை கிராம் தங்கத்தின் குரல் மிகச் சிறிது. ஆகவே தேடத் தொடங்குமுன் மண்ணின் குரல் இவ்வளவு என்று இயந்திரத்துக்குக் காட்டி, அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். மிச்சமாகக் கேட்பதுதான் பொருள்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. வாகரைப் பக்கமும் படுவான்கரைப் பக்கமும் கண்ணிவெடி அகற்றும் வேலையில் சில வருடங்கள் டிடெக்டர் பிடித்தவன் நான். 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி ஆபத்து நீங்கிய மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டபோது எங்கள் ஆட்கள் பட்ட சந்தோசம் இப்பவும் நினைவில் நிற்கிறது. செம்மண் கிரவல் கலந்த இடத்துக்கு வந்தால் இயந்திரம் ஓயாமல் கத்தும். அந்தச் சத்தத்தைக் கழிக்கத் தெரியாதவனை வரிசைக்குள் விடமாட்டார்கள். தங்கம் தேடுகிற இயந்திரமும் அடிப்படையில் அதே குடும்பம்தான். அங்கே பிழை விட்டால் ஒரு கட்டி தவறிப்போகும். இங்கே பிழை விட்டால் என்ன போகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் இந்தச் சொல்லில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

சரி, என் முன்மொழிவுக்கு வருகிறேன்.

சின்ன வயதில் அம்மம்மா எண்ணெய் வாங்க அனுப்புவார். கடையில் தட்டுத் தராசு. முதலாளி வெறும் போத்தலை ஒரு தட்டில் வைத்து, மற்றத் தட்டில் சிறு கல், ஆணி, இரும்புத் துண்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டு முள் நடுவுக்கு வரும்வரை பார்ப்பார், அப்புறம்தான் படிக்கல்லை வைத்து எண்ணெய் ஊற்றுவார். அந்த முதல் வேலைக்குப் பெயர் ‘தடை கட்டுறது’. “போத்தலுக்குத் தடை கட்டியாச்சா?” என்று கேட்காமல் அம்மம்மா எண்ணெய் வாங்கமாட்டார். தயிர்ச் சட்டிக்கும் தேன் போத்தலுக்கும் இதே கதைதான். பாத்திரத்தின் பாரத்துக்கு ஈடாகத் தட்டில் வைக்கும் பாரம் என்ற பொருள் ‘தடை’க்கு அகராதியிலும் உண்டு.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போத்தலின் பாரத்தைக் கழித்தால் எண்ணெயின் பாரம் மட்டும் நிற்கும், மண்ணின் சத்தத்தைக் கழித்தால் உலோகத்தின் சத்தம் மட்டும் நிற்கும். வேறு போத்தல் என்றால் வேறு தடை, வேறு மண் என்றால் வேறு தடை. ஆகவே ‘மண்ணுக்குத் தடைகட்டு’ என்பது வினை, ‘தடைகட்டல்’ என்பது பெயர். வந்தாறுமூலையில் படிக்கிற தம்பி நேற்று ஒரு நல்ல ஆட்சேபம் எழுப்பியிருந்தார்:

> பௌதிகத்தில் ‘தடை’ என்றால் மின்தடை. ‘மண்தடை’ என்று எழுதினால் புவித்தொடுப்பின் தடையை அளக்கிறவர் அது தன்னுடைய வேலை என்று நினைப்பார்.

தம்பி சொல்வது முழுக்கச் சரி. இயந்திரத்தின் உள்ளேயும் தடையி (மின்னோட்டத்தைத் தடுக்கும் சிறு உறுப்பு) இருக்கிறது, அதே கைநூலில் அந்தச் சொல்லும் வரும். அதனால்தான் நான் ‘மண்தடை’ என்று சுருக்க விடமாட்டேன் என்கிறேன். இந்த வேலைக்குப் பெயர் சொல்லும்போது ‘கட்டு’ என்ற வினை எப்போதும் கூடவே வரவேண்டும், ‘தடைகட்டல்’ ஒரே சொல்லாக, இடைவெளி இல்லாமல். மின்சாரத்தில் தடையைக் கட்டுகிறோம் என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே குழப்பத்துக்கு இடமில்லை. ‘ஈடுகட்டல்’ நல்லது என்று இன்னொருவர் எழுதியிருந்தார், அழகான சொல்தான், ஆனால் அது நட்டத்தை ஈடுகட்டுவது, கடனை ஈடுகட்டுவது என்று பணத்தின் பக்கம் இழுக்கிறது.

ஒரு சொல் நல்லதா என்று அறிய அதிலிருந்து மற்றச் சொற்கள் முளைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆள் கையால் திருப்பிச் செய்வது ‘கைத் தடைகட்டல்’, இயந்திரம் தானே செய்வது ‘தானியங்கித் தடைகட்டல்’, நடக்க நடக்க மண்ணைப் பின்தொடர்ந்து திருத்திக்கொண்டே போவது ‘தொடர் தடைகட்டல்’. அளவு தப்பினால் ‘தடை கூடிப்போச்சு’, ‘தடை குறைஞ்சுபோச்சு’ என்று கடையில் சொல்வதைப் போலவே சொல்லலாம், விளக்கம் வேண்டாம்.

கைநூலில் இது எப்படி வரும் என்று எழுதிப் பார்த்தேன். அக்கா விரும்பினால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

“ஆணி, தகரம் எதுவும் இல்லாத துப்புரவான ஓரிடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். சுருளைத் தரைக்கு ஒட்டினாற்போல் பிடித்து ஒரு சாண் உயரத்துக்கு ஏற்றி இறக்குங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் அடிச்சுருதி மாறாமல் ஓடினால் தடை சரி. மண்ணின் நிறம் மாறும் இடத்தில் மறுபடி தடைகட்டுங்கள்.”

அதில் ‘அடிச்சுருதி’ என்று நான் எழுதியது ‘திறெஷோல்ட்’ என்ற அந்த மெல்லிய இடைவிடாத ரீங்காரத்தை. இலங்கைப் பாடநூல் வழியில் ‘நுழைவாய்’ என்று வைக்கலாம் என்பது தெரியும், நுழைவாய் மீடிறன் என்று படித்தவர்கள்தானே நாம். ஆனால் காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறவனுக்கு அது வாசல் மாதிரித் தெரியாது, தம்புராச் சுருதி மாதிரித்தான் கேட்கும். சின்னத் தங்கம் பல நேரம் தனிச் சத்தமாக வராது, அந்தச் சுருதியில் ஒரு சிறு நெளிவாக மட்டும் வரும். சுருதி என்ற சொல்லே காதைக் கூர்மையாக்கச் சொல்கிறது.

‘ஹொட் ரொக்’குக்குச் ‘சூட்டுக்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம், அந்தக் கல்லில் சூடே இல்லை. சுற்றியுள்ள மண்ணைவிட அதற்குள் இரும்புத் தாது கூடவோ குறையவோ இருப்பதால் தடைக்கு அடங்காமல் கத்துகிறது, அவ்வளவுதான். ‘பொய்க்கல்’ போதும். மண்ணில் இயற்கையாகக் கிடக்கும் தங்கத் துண்டான ‘நகெட்’டுக்கு வந்த ‘பொற்பரல்’ எனக்கும் பிடித்தது, காலில் உறுத்துகிற கூழாங்கல் அளவுப் பொன் என்று கேட்ட உடனே தெரிகிறது. ஆனால் 1980இல் விக்டோரியாவின் கிங்கோவர் அருகே டிடெக்டரால் கண்டெடுத்தது 27 கிலோவுக்கு மேல், அதைப் பரல் என்று எப்படிச் சொல்வது? சின்னதுக்குப் பரல், பெரியதுக்குக் கட்டி என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். நகைக்கடைக் கட்டியோடு குழம்பும் இடத்தில் ‘இயற்கைக் கட்டி’ என்று எழுதலாம்.

எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டும் என்றும் இல்லை. சுருளின் அடியில் மாட்டுகிற பிளாஸ்டிக் கவர் கவராகவே இருக்கட்டும், பட்டரி பட்டரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கவரைப் பற்றிக் கைநூலில் கட்டாயம் ஒரு பந்தி வேண்டும். கல்லடிக் கரையில் தவறிய மோதிரம், சங்கிலி தேடிக் கொடுக்க இப்பவும் ஒரு பழைய இயந்திரம் வைத்திருக்கிறேன். ஒருமுறை அது எப்படித் தடைகட்டினாலும் நிற்காமல் சத்தம் போட்டது. இரண்டு நாள் வயரைச் சோதித்தேன், பட்டரியை மாற்றினேன், கொனெக்டரைத் துடைத்தேன். கடைசியில் கவரைக் கழற்றினால் உள்ளே ஒரு கைப்பிடி கருமணல், ஈரத்தோடு. சுருளோடு சேர்ந்து அசைகிற கருமணலுக்கு யார் தடை கட்ட முடியும்? வெளியே இருக்கிற மண்ணுக்குக் கட்டிய தடை உள்ளே இருக்கிற மண்ணுக்குப் பொருந்தாது. திருக்கோவில் மாதிரி இல்மனைட் என்ற கறுப்புக் கனிமம் கலந்த கரையில் தேடுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் கழற்றிக் கழுவ வேண்டும். விக்டோரியாவின் செம்மண் தூசும் அதே வேலையைத்தான் செய்யும்.

மற்றப் பராமரிப்பு விசயங்களை அக்கா நன்றாகவே எழுதியிருக்கிறார், மூன்றை மட்டும் சேர்க்கச் சொல்கிறேன். கடற்கரைக்குப் போய்வந்தால் சுருளையும் தண்டையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், ஆனால் சுருள் தண்ணீர் தாங்கும் என்பதால் மேலே இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சுருள் வயரைத் தண்டில் ஆடாமல் சுற்ற வேண்டும், சுருளுக்குப் பக்கத்தில் வயர் ஆடினால் அதுவும் பொய்ச் சத்தம் தரும். நாளாந்தச் சோதனைக்கு ஒரு துளி ஈயத்தைக் கடதாசி மட்டையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம், இங்கே வலைக்குப் போடுகிற ஈயத்தில் ஒரு நறுக்கு போதும், சிறு தங்கத்துக்குப் பதிலாக வைத்துப் பார்க்க அது நல்லது. தடைகட்டிய பிறகு அந்த மட்டையை மண்ணில் போட்டு மேலே சுருளை ஓட்டுங்கள், கேட்டால் வேலை தொடங்கலாம்.

“அப்ப நாங்களும் மட்டக்களப்பில் தேடலாமா?” என்று கேட்ட தம்பிக்கு: இங்கே தங்கம் விளைகிற நிலம் இல்லை. புதையல் என்ற நினைப்பில் அனுமதி இல்லாமல் தொல்பொருள் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கமே போகவேண்டாம், மனே.

கடைசியாக, ‘கடைச் சொல்லை எடுத்துக் கலைச்சொல் ஆக்கலாமா’ என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று. 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்குவதில் முன்நின்று உழைத்த விபுலானந்த அடிகள் நம்முடைய காரைதீவுக்காரர். அவருடைய சமாதி இங்கே கல்லடியில், என் வீட்டுக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. அந்த மண்ணில் இருந்துகொண்டு, எங்கள் தராசுக்காரர்கள் காலம் காலமாகச் சொன்ன ஒரு சொல்லைத் தாழ்வாக நினைக்க என்னால் முடியாது.

அக்கா, அடுத்த முறை தங்கம் தேடப் போகும்போது தமிழ் தெரிந்த, ஆனால் இந்த விவாதத்தை வாசிக்காத ஒருவரிடம் இயந்திரத்தைக் கொடுத்து, “மண்ணுக்குத் தடைகட்டு” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் என்ன செய்கிறார் என்று எழுதுங்கள். விளங்காமல் நின்றால் நான் வேறு சொல் தேடுகிறேன்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து