டாக்ஸி நிறுத்தம், டோல், ரோபோட் (டிராஃபிக் சிக்னல்): முடிவெடுக்கும் இடத்துக்கே போய்ப் பேசியவர்கள் எழுதுங்கள்

சாட்ஸ்வர்த் அக்கா:

நானே ஆரம்பிக்கிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருமுனையில் ஆரம்பப் பள்ளி. அதன் வாசலுக்கு நேர் எதிரே மினிபஸ் டாக்ஸிகள் வரிசையாக நிற்க ஆரம்பித்தன. பள்ளி விடும் நேரத்தில் சின்னப் பிள்ளைகள் இரண்டு வண்டிக்கு நடுவே புகுந்து ரோட்டுக்கு ஓடுவதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒரு ராத்திரி உட்கார்ந்து கோபத்தோடு மூன்று பக்கம் எழுதி ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதிலே இல்லை. இரண்டு மாதம் பொறுத்து நேரில் போனேன். "ஆன்ட்டி, ஆட்சேபம் சொல்லும் நாள் முடிந்துவிட்டது, எந்த விண்ணப்பத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்ற எண்ணும் இதில் இல்லை" என்றார் அங்கே இருந்த பையன். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்புறம்தான் இது எப்படி நடக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன்.

மினிபஸ் டாக்ஸி ஓட்ட இயக்க உரிமம் வேண்டும். 2009ஆம் ஆண்டின் தேசியத் தரைவழிப் போக்குவரத்துச் சட்டப்படி நம் மாகாணத்துக்குள் ஓடும் டாக்ஸிகளுக்கு அதைக் கொடுப்பது மாகாண ஒழுங்குமுறை அமைப்பு. ஆனால் அவர்கள் தாங்களாகவே முடிவெடுத்துவிட முடியாது. அந்த ரூட்டில் இன்னொரு வண்டிக்குத் தேவை இருக்கிறதா என்று டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியிடம் கேட்க வேண்டும், மாநகராட்சி தன் போக்குவரத்துத் திட்டத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்ப விவரம் அரசிதழில் வெளியாகும், ஆட்சேபம் இருந்தால் குறித்த நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். நம்மில் யார் அரசிதழ் படிக்கிறோம்? நான் இப்போது படிக்கிறேன். அதே ரூட்டுக்கு அடுத்த விண்ணப்பம் வந்தபோது எண்ணைக் குறித்து ஒரே பக்கத்தில் எழுதினேன். கூப்பிட்டார்கள். டாக்ஸிக்காரர்கள் சங்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். அவர்களும் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள், வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நிறுத்தம் பள்ளி வாசலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நிறுத்தத்துக்கு இடம் ஒதுக்குவது மாநகராட்சி என்பதால் அங்கேயும் அலைய வேண்டியிருந்தது. கடைசியில் வாசலைத் தாண்டி மைதானத்துப் பக்கம் தள்ளிப் போட்டார்கள்.

மெர்பேங்க் அண்ணன்:

தங்கச்சி, உன் கதையைப் படித்ததும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. அவருக்குக் கிளேர்வுட்டில் ஒரு பஸ் இருந்தது, ஒன்றே ஒன்று. அந்தக் காலத்தில் 1930ஆம் ஆண்டு மோட்டார் கேரியர் சட்டப்படி பஸ் ஓட்ட வேண்டுமானால் லோக்கல் ரோடு டிரான்ஸ்போர்ட்டேஷன் போர்டிடம் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர் ஆட்சேபிக்கலாம், "இருக்கிற வண்டியே போதும்" என்பதுதான் அவர்கள் எப்போதும் சொல்வது. தாத்தாவின் விண்ணப்பத்துக்கும் ஒரு பஸ் முதலாளி அப்படித்தான் சொன்னார்.

தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விசாரணைக்குப் போகும்போது வார்விக் அவென்யூ பக்கத்து எர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குக் கீரையும் கத்தரிக்காயும் சுமந்து போகும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார். எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். மூன்று மணி என்றார்கள். அப்படியானால் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அந்த முதலாளியிடம் கேட்டார்கள். ஐந்து மணி. அவ்வளவுதான், தாத்தாவுக்கு சர்ட்டிபிகேட் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்களில் ஒருவர் பிற்பாடு எங்கள் அவ்வாவுக்கு (பாட்டிக்கு) நெருங்கிய சிநேகிதி ஆகி, நான் பிறந்தபோது எனக்கு முதல் சட்டை தைத்தது அவர்தான். ஓட்டுப் போடவே உரிமை இல்லாத காலத்தில் கூடை சுமந்த பெண்கள் போய் நின்று மணி சொன்னார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

லெனேஷியாவிலிருந்து:

நான் டர்பன் பிள்ளைதான், வேலைக்காக ஜோஹன்னஸ்பர்க் வந்து இருபது வருஷம் ஆகிறது. இங்கே நாங்கள் பட்ட பாடு ஈ-டோல், அதாவது வண்டியை நிறுத்தாமலே மின்னணு முறையில் வசூலிக்கும் சாலைக் கட்டணம். 2008லேயே இங்குள்ள நெடுஞ்சாலைகளை டோல் ரோடு என்று அறிவித்துவிட்டார்கள். நான் கவனிக்கவே இல்லை. ரோட்டுக்கு மேலே கம்பி வளைவுகள் ஏறிய பிறகுதான் எங்களுக்கு விழிப்பு வந்தது. ஊர்வலம் போனோம், 2012ல் ஈ-டோலை எதிர்த்த அவுட்டா அமைப்பு வழக்குப் போட்டது. 2013 அக்டோபரில் புளூம்ஃபொன்டெய்ன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கின் நியாயத்துக்குள்ளேயே போகவில்லை, மிகத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்று தள்ளிவிட்டது. அரசு முடிவை எதிர்த்துப் போக நியாயமற்ற தாமதம் கூடாது, அதிகபட்சம் 180 நாள் என்று 2000ஆம் ஆண்டு நிர்வாக நீதிச் சட்டம் சொல்கிறது, நாங்கள் வருஷக்கணக்கில் பிந்தியிருந்தோம். அதே டிசம்பர் 3ஆம் தேதி பணம் வசூலிக்க ஆரம்பித்தார்கள். மக்கள் பெரும்பாலும் கட்ட மறுத்ததால்தான் 2024 ஏப்ரல் 11 நள்ளிரவோடு நின்றது, நடுவே பத்து வருஷம் வீட்டுக்கு வீடு பில் கட்டுகட்டாக வந்துகொண்டிருந்தது.

உங்கள் பக்கம் என்2, என்3 தேசிய சாலைகளை அகலப்படுத்தும் வேலை நடக்கிறதே, அதனால் சொல்கிறேன். தேசிய சாலைகள் சான்ரல் என்ற அரசு சாலை நிறுவனத்தின் கையில். ஒரு ரோட்டை டோல் ரோடாக அறிவிப்பதற்கு முன் அறிவிப்புக் கொடுத்து, கருத்துச் சொல்ல மக்களுக்குக் குறைந்தது 30 நாள் விட வேண்டும், மாகாண முதல்வரையும் அந்தப் பகுதி மாநகராட்சியையும் கேட்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு சான்ரல் சட்டத்தின் 27ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த மாதிரி அறிவிப்பு வந்தால் அந்த 30 நாளை விட்டுவிடாதீர்கள், ஐயா, அம்மா.

ஃபீனிக்ஸ் தம்பி:

அண்ணன் சொன்னது போல எங்கள் வீட்டிலும் ஒரு அவ்வா உண்டு, 84 வயது. எங்கள் பகுதியில் கிளினிக் போகும் வழியில் ரோட்டைக் கடக்க ரோபோட் இல்லை. நான் வார்டு கமிட்டியில் இருக்கிறேன், கவுன்சிலர் தலைவர், அவர் தவிர பத்துப் பேர் வரை இருக்கலாம். மாநகராட்சியின் பட்ஜெட் வரைவு மார்ச் முடிவதற்குள் சபைக்கு வந்துவிடும், ஏப்ரல் மே மாதங்களில் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள், ஜூலை 1 முதல் புது நிதியாண்டு. ரோபோட் வேண்டுமானால் அந்த இடைவெளியில் கேட்டாக வேண்டும். ஜூலையில் கேட்டால் பணம் வேறு எங்கோ போயிருக்கும்.

கூட்டத்துக்கு அவ்வா நானும் வருவேன் என்றார். தமிழில்தான் பேசுவேன் என்றார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, உண்மை. ஆனால் நம் அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதிக்கப்பட வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவ்வா எழுந்து நின்று தமிழில் பேசினார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன், பக்கத்தில் இருந்த ஒரு அம்மா ஜூலுவில் சொன்னார். "கிளினிக்குக்குப் போக ரோடு தாண்டக் கால் மணி நேரம் நிற்கிறேன், மழைக்காலத்தில் குடையோடு நிற்கிறேன்" என்றார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். ரோபோட் இன்னும் வரவில்லை. வண்டி எண்ணுவதற்கு ஆள் அனுப்பினார்கள், இரண்டு நாள் அங்கே நின்று எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த மார்ச்சிலும் போவோம்.

டொங்காட் வாசகி:

அக்கா, எங்கள் ரோட்டில் பெரிய பள்ளம், யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. மாநகராட்சியில் கேட்டால் எங்களுடையது இல்லை என்கிறார்கள். உங்கள் அந்த ஒரு பக்கக் கடிதத்தில் என்னதான் எழுதினீர்கள்?

சாட்ஸ்வர்த் அக்கா:

கண்ணு, முதலில் ரோட்டு ஓரப் பலகையைப் பார். 'என்' (N) என்ற எழுத்தில் ஆரம்பித்தால் சான்ரல். பி (P) அல்லது டி (D) என்று எண் இருந்தால் குவாசுலு-நடால் மாகாணப் போக்குவரத்துத் துறை. உள்தெரு என்றால் பெரும்பாலும் மாநகராட்சிதான். "எங்களுடையது இல்லை" என்றால், அப்படியானால் யாருடையது என்று எழுத்தில் கேள். 2000ஆம் ஆண்டு தகவல் பெறும் சட்டப்படி ஃபாரம் நிரப்பிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

கடிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. மேலே விண்ணப்ப எண். பள்ளி வாசலிலிருந்து நிறுத்தம் எத்தனை அடி என்று என் மகன் டேப் வைத்து அளந்தது. ஐந்து நாள், மதியம் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டேகால் வரை எத்தனை வண்டி நின்றது, எத்தனை பிள்ளைகள் நடுவே கடந்தார்கள் என்று நானும் எதிர்வீட்டு அம்மாவும் எண்ணி எழுதியது. கீழே வேறு எங்கே நிறுத்தலாம் என்று ஒரு வரி, அந்த இடத்தின் படம் ஒன்று. கையெழுத்துப் போட்டு, கொடுத்த தேதியோடு நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். உன் பள்ளத்துக்கும் அப்படியே செய், படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு வாளியை வைத்து எடு, எவ்வளவு ஆழம் என்று தெரியும். பலகையில் என்ன எண் என்று பார்த்து இங்கேயே போடு, யாருக்கு எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.