பாலஸ்டியர் ரோட்டு பாலஸ்டியர் தூதரா, கரும்புத் தோட்டக்காரரா?

வாம்போஅப்பா:
மகள் உயர்நிலை ஒன்று. சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் பாலஸ்டியர் ரோட்டு வட்டாரத்தைப் பற்றிப் பள்ளியில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். ஜோசப் பாலஸ்டியர் கரும்புத் தோட்டம் வைத்திருந்தார் என்று ஓரிடத்தில் இருக்கிறது, சிங்கப்பூரின் முதல் அமெரிக்கக் கான்சல் (வணிகத் தூதர்) என்று இன்னோரிடத்தில். ஒரே ஆள்தானா? தூதர் எதற்குக் கரும்பு போட வேண்டும்?

கோட்டைமேடு:
ஒரே ஆள்தான் தம்பி. அப்போது அமெரிக்கா பெரும்பாலான கான்சல்களுக்குச் சம்பளம் தரவில்லை. கப்பல்காரர்களிடம் வாங்கும் கட்டணமும் சொந்த வியாபாரமும்தான் வரும்படி. அதனால்தான் சுமார் 1,000 ஏக்கரில் கரும்பு போட்டார். அந்த நிலம்தான் உங்கள் வட்டாரம்.

மகள் முக்கியமாக எழுத வேண்டியது ரியாவ் கதையை. பாலஸ்டியர் முதலில், சிங்கப்பூருக்குத் தெற்கே டச்சுக்காரர் வசமிருந்த ரியாவ் தீவுகளுக்குத்தான் கான்சலாக நியமிக்கப்பட்டார். 1815இல் அமெரிக்காவும் பிரிட்டனும் செய்த வணிக ஒப்பந்தப்படி இந்தப் பக்கத்து பிரிட்டிஷ் துறைமுகங்களில் கல்கத்தா, மதராஸ், பம்பாய், பினாங்கு நான்கில் மட்டுமே அமெரிக்கக் கப்பல் வியாபாரம் செய்யலாம். சிங்கப்பூர்த் துறைமுகம் பிறந்ததே 1819இல், பட்டியலில் எப்படி இருக்கும்? மதராஸில் சரக்கு ஏற்றலாம், இங்கே முடியாது! கப்பல்கள் ரியாவ் பக்கம் நங்கூரம் போட, சரக்கு படகில் போய் வந்தது. பாலஸ்டியர் குடியிருந்ததோ சிங்கப்பூரில். தடை நீங்கியபின் 1836இல் சிங்கப்பூருக்கே கான்சல் ஆனார்.

கரும்பு கைகொடுக்கவில்லை. பிரிட்டனில் சிங்கப்பூர்ச் சர்க்கரைக்குத் தீர்வைச் சலுகை மறுக்கப்பட்டது. 1844இல் ஒரே மகன் இறந்தான், 1847இல் மனைவி மரியா. அந்த மனிதர் பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும்.

மரியா, அமெரிக்கப் புரட்சியில் பெயர் பெற்ற பால் ரெவேரின் மகள். 1843இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு ரெவேர் பட்டறை வார்த்த மணியைக் கொடுத்தார். தினமும் இரவு 8 மணிக்கு ஐந்து நிமிடம் அடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. மணி இப்போது தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மேலே ரெவேர், பாஸ்டன், 1843 என்று பொறித்திருக்கும், கீழே மரியாவின் பெயர். நாக்கு கிடையாது.

தஞ்சோங்ராணி:
ஐயா சொன்னதோடு 1849 பயணத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள் அண்ணே, அவர் அசல் தூதராகப் போனது அதில்தான். 1845இல் கான்ஸ்டிட்யூஷன் போர்க்கப்பலின் தலைவர் பெர்சிவல், பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரை விடுவிக்க வியட்நாமிய அதிகாரிகளைப் பிடித்து வைத்தார். அதற்கு வருத்தம் தெரிவித்து அதிபர் டெய்லர் எழுதிய கடிதத்தோடு பாலஸ்டியர் 1850இல் டா நாங் போனார். கடிதத்தை வாங்கவே மறுத்துவிட்டார்கள். சயாமிலும் காரியம் நடக்கவில்லை. புருணை சுல்தானோடு மட்டும் அதே ஆண்டு ஜூனில் ஒப்பந்தம் முடிந்தது.

வாம்போஅப்பா:
நன்றி ஐயா, நன்றி தங்கச்சி. ரியாவைத்தான் முதலில் எழுதுவேன் என்கிறாள். கடைசியில் அவர் எங்கே போனார்?

கோட்டைமேடு:
1852இல் பதவி முடிந்தது. 1858இல் பென்சில்வேனியாவின் யார்க் நகரில் காலமானார்.