பாக்கியலட்சுமி இனி 7 மணிக்கு

(விஜய் டிவியின் பாக்கியலட்சுமி தொடருக்கு நேரம் மாறியபோது, 2025 ஜனவரியில் எங்கள் குடும்பக் குழுவில் பேசிக்கொண்டது.)

பெரியம்மா: எல்லாரும் பார்த்தீர்களா? வரும் திங்கட்கிழமை, 27-ஆம் தேதியிலிருந்து பாக்கியலட்சுமி ஏழு மணிக்காம். 8.30-க்குப் புதுத் தொடர். புரோமோ ஓடுகிறது. எனக்கு மனசே சரியில்லை.

சித்தி: நானும் பார்த்தேன் பெரியக்கா. அய்யனார் துணைதான் 8.30-க்கு வருகிறது.

அம்மா: ஏழு மணிக்கா? அப்போது நான் அடுப்படியில்தானே நிற்பேன்!

மாமா: முடிக்கப் போகிறார்கள். நேரத்தை மாற்றினாலே அதுதான் அர்த்தம்.

பெரியம்மா: வாயில் நல்ல வார்த்தையே வராதா உனக்கு?

மாமா: கோபப்படாதே அக்கா. 2020 ஜூலையில் ஆரம்பித்தது. ஆயிரம் எபிசோடு எப்போதோ தாண்டிவிட்டது. இதே கதை முதலில் வங்காளத்தில் ஸ்ரீமோயி என்று ஓடியது, அது 2021-இலேயே முடிந்துவிட்டது. நம்முடையது இவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

அண்ணி: ஆனால் மாமா, அதே கதைதான் இந்தியில் அனுபமா. அதுவும் 2020 ஜூலையில்தான் ஆரம்பித்தது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே?

மாமா: அது சரிதான்.

பெரியம்மா: நல்லாக் கேட்டாய் அம்மா.

நான்: பிக் பாஸ் போன ஞாயிறுதான் முடிந்தது. ஒரு பெரிய நிகழ்ச்சி முடிந்தால் அட்டவணையைக் கலைத்துப் போடுவது எல்லா சேனலிலும் நடப்பதுதான். இதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். தம்பி, நீ விளம்பரத் துறையில்தானே இருக்கிறாய், சொல்லேன்.

தம்பி: மீட்டிங்கில் இருக்கிறேன் அக்கா, அரை மணி நேரத்தில் வருகிறேன்.

சித்தி: எனக்கு ஒரு பக்கம் சந்தோஷமும் இருக்கிறது, சொன்னால் திட்டாதீர்கள். சன் டிவியின் எதிர்நீச்சல் தொடரில் ஜனனியாக வந்த மதுமிதாதான் அய்யனார் துணையில் கதாநாயகி. டிசம்பரில் எதிர்நீச்சல் இரண்டாம் பாகம் வந்தபோது ஜனனியாக வேறு பெண் வந்துவிட்டார். அன்றிலிருந்து மதுமிதா எப்போது திரும்பி வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மா: நீ அதைப் பார், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் பாக்கியாவை நகர்த்திவிட்டு அந்த இடத்தில்தான் வர வேண்டுமா?

அண்ணி: பெரியம்மா சொல்வதுதான் எனக்கும். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அத்தையிடம் என்ன பேசுவது என்றே தெரியாது. 8.30-க்கு இரண்டு பேரும் தட்டோடு டிவி முன்னால் உட்காருவோம். பாக்கியாவின் கணவர் கோபி வீட்டுக்குத் தெரியாமல் ராதிகாவைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. அத்தை கோபியைத் திட்டுவார், நானும் சேர்ந்து திட்டுவேன். அப்படித்தான் பேச ஆரம்பித்தோம். இனிமேல் ஏழு மணிக்கு நான் காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பேன்.

அம்மா: நீ வந்த பிறகு இரண்டு பேரும் ஹாட்ஸ்டாரில் பார்ப்போம். நான் தனியாகப் பார்க்க மாட்டேன்.

நான்: எனக்கு வருத்தம் இதில்தான். பாக்கியா யார்? கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டுக்குச் சமைத்துப் போட்டவள். மசாலாப் பொடி அரைத்து விற்று, கேட்டரிங் எடுத்து, அப்புறம் ஓட்டல் வரைக்கும் வந்தவள். அவளை விரும்பிப் பார்க்கிறவர்களும் அந்த மாதிரிப் பெண்கள்தான். ஏழு மணிக்கு அவர்கள் எல்லாரும் மாவு கரைத்துக்கொண்டோ, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொண்டோ இருப்பார்கள். வேலை முடிந்து உட்காரும் ஒரே நேரம் எட்டு, எட்டரை. அந்த நேரம்தான் போய்விட்டது.

பெரியம்மா: இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன். எனக்குச் சொல்ல வரவில்லை.

மாமா: உண்மை. நேரம் என்பது சின்ன விஷயம் இல்லை.

தம்பி: வந்துவிட்டேன். மாமா, முடிக்கப் போகிறார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எட்டு மணிக்குப் பாண்டியன் ஸ்டோர்ஸ் 2, ஒன்பது மணிக்குச் சிறகடிக்க ஆசை. இரண்டும் நன்றாகப் போகிறவை. நடுவில் ஒரு புதுத் தொடரை வைத்தால் எட்டு மணிக்கு உட்கார்ந்தவர்கள் எழுந்து போகாமல் அதையும் பார்ப்பார்கள். அதற்குத்தான் 8.30. ஏழு மணிக்குப் புதிதாக ஒன்றை வைத்தால் யாரும் தேடி வர மாட்டார்கள். பெயர் எடுத்த தொடர் என்றால் அதன் ஆட்கள் தேடி வருவார்கள். அந்த நம்பிக்கையில்தான் பாக்கியலட்சுமியை அங்கே வைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அண்ணி: வீட்டில் பழகின மருமகளிடம்தான் கஷ்டமான வேலையைக் கொடுப்பார்கள், அந்த மாதிரி.

தம்பி: அதேதான் அண்ணி. ஆனால் மாமா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஏழு மணிக்கு ரேட்டிங் கொஞ்சம் குறையும். சில மாதம் தொடர்ந்து குறைந்தால் கதையை முடிக்கச் சொல்லிவிடுவார்கள்.

பெரியம்மா: அந்த ரேட்டிங் ஏறுவதற்கு நாம் என்ன செய்ய வேண்டும்? நான் ஏழு மணிக்கு டிவியைப் போட்டு வைத்துவிட்டு வேலை செய்தால் கணக்கில் வருமா?

தம்பி: வராது பெரியம்மா. பார்க் (BARC) என்ற அமைப்புதான் கணக்கெடுக்கிறது. நாடு முழுவதும் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். எந்த சேனல் ஓடுகிறது என்பதை ஒலியை வைத்தே அந்த மீட்டர் கண்டுபிடித்துவிடும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி பட்டன் உண்டு, பார்க்கும்போது அமுக்க வேண்டும். எந்தெந்த வீடு என்று வெளியே சொல்ல மாட்டார்கள். வியாழக்கிழமை தோறும் கணக்கு வரும். மீட்டர் இல்லாத வீட்டில் நாள் முழுக்க ஓடினாலும் அதில் சேராது. ஹாட்ஸ்டாரில் பார்ப்பதும் டிவி கணக்கில் வராது, அதைத் தனியாகப் பார்ப்பார்கள்.

அம்மா: அப்போது நாங்கள் இத்தனை வருடம் பார்த்தது யாருக்குமே தெரியாதா?

நான்: அப்படி இல்லை அம்மா. புரோமோவுக்குக் கீழே வரும் கருத்துகளைத் தொடர் எடுக்கிறவர்களும் படிப்பார்கள். எழுதினால் பயன் இருக்கும். நான் இன்றைக்கு எழுதுகிறேன்.

மாமா: எனக்குப் பயம் முடிப்பதைப் பற்றி இல்லை. எப்படி முடிப்பார்கள் என்பதுதான். எதிர்நீச்சலை நினைத்துப் பாருங்கள். 2023 செப்டம்பரில் அதில் நடித்த மாரிமுத்து போய்ச் சேர்ந்தார். அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சு வலி வந்தது. அன்றைக்கு நம் வீட்டு ஆள் போன மாதிரி நான் சாப்பிடவே இல்லை. அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்து நன்றாகத்தான் செய்தார். ஆனாலும் 2024 ஜூனில் முடித்தபோது அவசரமாகக் கதவைச் சாத்தின மாதிரிதான் இருந்தது.

சித்தி: அதுதான் ஆறு மாதத்தில் இரண்டாம் பாகம் வந்துவிட்டதே.

மாமா: வந்தது. அதனால்தான் எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை.

பெரியம்மா: முடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு. ஆனால் பாக்கியாவின் மகள் இனியாவுக்கு ஒரு நல்ல வழி காட்டிவிட்டு முடிக்க வேண்டும். மகன் எழில் படம் எடுத்து ஜெயிக்க வேண்டும். கோபியை மறுபடி பாக்கியாவோடு சேர்த்து வைத்து, சுபம் போட்டுவிடக் கூடாது. அப்படிச் செய்தால் இத்தனை வருடம் பார்த்ததற்கே அர்த்தம் இல்லை.

சித்தி: பிள்ளைகளுக்காக மன்னிக்கலாமே பெரியக்கா?

அம்மா: மன்னிப்பது வேறு, திரும்பச் சேர்வது வேறு. மன்னிக்கட்டும். ஆனால் அவள் ஓட்டலும் அவள் சாவியும் அவள் கையில்தான் இருக்க வேண்டும்.

அண்ணி: அத்தை சொன்னதை நான் அப்படியே கருத்தாகப் போடப் போகிறேன்.

மாமா: கோபியாக நடிக்கும் சதீஷையும் ஒரு வார்த்தை பாராட்டி எழுதுங்கள். இவ்வளவு திட்டு வாங்கும்படி நடிப்பது சுலபம் இல்லை.

நான்: எழுதுகிறேன் மாமா. 8.30-க்கே திரும்பக் கொண்டுவரச் சொல்லி முதலில் கேட்கிறேன். முடியாது என்றால், முடிவுக்கு இரண்டு மாதமாவது கொடுத்து, அவசரப்படாமல் எடுக்கச் சொல்லிக் கேட்கிறேன். எல்லாரும் ஆளுக்கு ஒன்று எழுதுங்கள். பெரியம்மா, நீங்கள் வாய்ஸில் சொல்லுங்கள், நான் தட்டச்சு செய்து உங்கள் பெயரில் போடுகிறேன்.

பெரியம்மா: சாயங்காலம் அனுப்புகிறேன். திங்கட்கிழமையிலிருந்து ஆறரைக்குள் சமையலை முடித்துவிடுவேன். தாத்தாவுக்கு இட்லிதான், பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்.

சித்தி: நான் ஏழு மணிக்குப் பாக்கியா, 8.30-க்கு மதுமிதா, இரண்டையும் பார்ப்பேன். ஆனால் ஏழு மணி எனக்குப் பழக்கம் இல்லை, மறந்துவிடுவேன். யாராவது ஞாபகப்படுத்துங்கள்.

தம்பி: திங்கட்கிழமை 6.50-க்கு நான் குழுவில் போடுகிறேன் சித்தி.

அண்ணி: ஏழு மணிக்குப் பார்க்கிறவர்கள் தயவுசெய்து கதையை இங்கே போட வேண்டாம். நானும் அத்தையும் பார்த்து முடித்ததும் சொல்கிறோம், அப்புறம் பேசலாம்.