குலதெய்வக் கல்லுக்குள் ஒரு வில்லன்: யோசனை வேண்டும்

வணக்கம். கிருஷ்ணகிரியில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு, 2014 விதிகள். நான் கதை நடத்த, நாலு பேர் ஆடுகிறார்கள். வில்லன் ஒரு லிச், அதாவது செத்தும் சாகாத மந்திரவாதி. விதிப்படி அவன் உயிர் பெரும்பாலும் ஒரு பெட்டியில் இருக்கும். உடலை அழித்தாலும் 1 முதல் 10 நாளில் புது உடலோடு திரும்பிவிடுவான்.

பெட்டி எனக்குச் சப்பென்று இருந்தது. நம் பக்கம்தான் எங்கு பார்த்தாலும் நடுகல் நிற்கிறதே! உயிரை ஒரு நடுகல்லில் வைத்தேன். அவன் வம்சத்தார் அதைக் குலதெய்வமென்று நம்பி வருஷா வருஷம் கிடா வெட்டுகிறார்கள். புத்தகத்தில் அவன் தின்பது ஆன்மாவை. நான் ரத்தமாக மாற்றிக்கொண்டேன்.

இதுவரை சரி. ஆனால் வம்சத்தில் ஒருவர் மிஞ்சினாலும் கல் உடையாது என்று போன வாரம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஆட்டக்காரர் ஒருவரின் பாத்திரமும் அந்த வம்சம்தான். மற்ற மூவரும் இப்போது அவளை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அவளைக் கொல்லாமல் அந்தப் பந்தத்தை அறுக்க வழி உண்டா? கல்யாணமானால் பெண்ணுக்குக் குலதெய்வம் மாறுமே, அதை வைத்து ஏதாவது செய்யலாமா? தத்துக் கொடுத்தால்? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.