டாட்சன் 120ஒய்: மின்னணு டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றிய பின் சாவியை விட்டதும் எஞ்சின் அணைகிறது

ஜெலுத்தோங்கன்:
அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் விட்டுச்சென்ற டாட்சன் 120ஒய் காரைப் பினாங்கில் ஓட்டி வருகிறேன். 1171 சிசி ஏ12 எஞ்சின். மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் தொடுமுனையான பாயிண்ட் அடிக்கடி கருகியதால், பாயிண்ட்டும் கண்டென்சரும் இல்லாத, உள்ளேயே மின்னணு மாட்யூல் பொருத்திய டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பகிரும் பாகம்) சென்ற வாரம் மாற்றினேன். அதன் சிவப்புக் கம்பியை, தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலின் பாசிட்டிவ் முனையிலும் கறுப்புக் கம்பியை நெகட்டிவ் முனையிலும் இணைத்தேன். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது எஞ்சின் உடனே பற்றுகிறது. சாவியை விட்டதும் பெரும்பாலும் அணைந்துவிடுகிறது. தப்பித்தவறி ஓடினாலும், பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் ஏறும் துன் சார்டோன் சாலையில் திணறுகிறது. காயிலின் பாசிட்டிவ் முனையில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. மாட்யூல் பழுதா?

செந்தூல் வாசகர்:
மாட்யூலைக் குறை சொல்லாதீர்கள். காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் பழைய பேலஸ்ட் ரெசிஸ்டர் இன்னும் இருக்கும். அதைக் கழற்றிவிட்டுக் காயிலுக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள்.

பழைய பட்டறைக்காரர்:
செந்தூல் நண்பர் நோயைச் சரியாகக் கண்டார். மருந்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. பேலஸ்டோடு சேர்ந்து வேலை செய்யும் காயிலின் தடை ஏறத்தாழ 1.5 ஓம். பேலஸ்டைக் கழற்றினால் 12 வோல்ட்டில் அதன் வழியே 8 ஆம்பியர் வரை பாயலாம். மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும் வசதி மாட்யூலில் இல்லையென்றால், காயிலும் மாட்யூலும் சூடேறிக் கெடும்.

ஜெலுத்தோங்கன் தம்பி, நீங்கள் கண்ட 12 வோல்ட் உங்களை ஏமாற்றியிருக்கிறது. மாட்யூல் காயிலுக்கு இணைப்புக் கொடுக்காத நிலையில் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாதபோது பேலஸ்டில் மின்னழுத்தம் குறையாது. இணைப்புக் கொடுத்த கணத்தில், பேலஸ்டும் 1.5 ஓம் என்றால் அதே முனையில் 6 வோல்ட்தான் எஞ்சும். அதை நம்பி மாட்யூல் இயங்க முடியாது. ஸ்டார்ட்டர் சுழலும்போது மட்டும் பேலஸ்டைத் தாண்டி வரும் தனிக் கம்பி முழு அழுத்தத்தைத் தருவதால்தான் அப்போது எஞ்சின் பற்றுகிறது.

ஆகவே பேலஸ்டைக் காயிலுக்காக அப்படியே விட்டு, சிவப்புக் கம்பியை மட்டும் பேலஸ்டுக்கு முந்தைய, சாவியிலிருந்து வரும் முனைக்கு மாற்றுங்கள். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திறந்த நிலையில் நெடுநேரம் வைக்காதீர்கள்.

ஜெலுத்தோங்கன்:
ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி கம்பியை மாற்றியதும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் அணையாமல் ஓடுகிறது. மேட்டில் மட்டும் திணறல் முழுமையாக நீங்கவில்லை. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த அடையாளக் கோட்டை வைத்தே டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) அமைத்தேன்.

பழைய பட்டறைக்காரர்:
அந்தக் கோடு புதிய டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பொருந்தாது. டைமிங்கைத் தானே மாற்றும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, ஐட்லிங்கில் டைமிங் லைட் பிடித்து, உங்கள் காரின் கையேட்டில் உள்ள பாகைக்குத் திருப்பி இறுக்குங்கள். பிறகு குழாயை மறவாமல் மாட்டுங்கள். அதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். இத்தகைய இரு கம்பி மாட்யூல்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டரின் உடலே எர்த். நம் தீவின் உப்புக் காற்றில் கிளாம்ப் அடியில் துரு படிந்திருந்தால் அது சரியாகக் கிடைக்காது. எஞ்சின் ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. பிளக் கம்பிகள் வெறும் செம்புக் கம்பிகளாக இருந்தால் தடையுள்ள வகைக்கு மாற்றுங்கள். அவற்றின் மின்காந்த இரைச்சல் மாட்யூலைக் குழப்பும்.

ஜெலுத்தோங்கன்:
எர்த்தில் 0.7 வோல்ட் வந்தது. கிளாம்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, தனியாக ஒரு கம்பியும் இழுத்தேன், இப்போது 0.1 வோல்ட். டைமிங் லைட்டை நண்பரிடம் இரவல் வாங்கிச் சரிசெய்தபோது, 5 பாகைக்கு மேல் பின்தங்கியிருந்தது தெரிந்தது. இன்று காலை பாலிக் புலாவ் வரை சென்று திரும்பினேன்; மலையேற்றத்தில் ஒருமுறைகூடத் திணறவில்லை.