முன் ஆக்சில் ஆயிலில் மீண்டும் மீண்டும் தண்ணீர் கலக்கிறது

அனைவருக்கும் வணக்கம். தேன்கனிக்கோட்டையில் வசிக்கிறேன். அஞ்செட்டிக்கு அப்பால் உள்ள எங்கள் நிலத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓடையைக் கடக்க வேண்டியிருப்பதால், நான்கு சக்கர இயக்கமுள்ள 2014 மாடல் டீசல் ஜீப்பைப் பயன்படுத்தி வருகிறேன். இதுவரை 1,18,000 கிலோமீட்டர் ஓடியுள்ளது.

கடந்த ஐப்பசியில் வழக்கமான பராமரிப்புக்காக ஆயிலை வடித்தபோது, முன் ஆக்சில் ஆயில் மட்டும் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தது. புதிய 90 ஆம் எண் கியர் ஆயில் ஊற்றியும் ஒரே மாதத்தில் அதே நிறம். பிறகு பினியன் சீல் (இயக்கத் தண்டு ஆக்சிலுக்குள் நுழையும் இடத்தில் உள்ள சீல்), இருபுற ஆக்சில் சீல்கள், மூடியின் கேஸ்கட் ஆகிய அனைத்தையும் மாற்றினேன். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால் பிரீதரையும் (ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் சிறு வழி) கழற்றிப் பார்த்தேன், சேறு அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, ரப்பர் குழாய் பொருத்தி, பானெட்டுக்குள் உயர்த்திக் கட்டினேன். அதன் பின்னும் மூன்று முறை ஓடையைக் கடந்ததிலேயே ஆயில் வெளுத்துவிட்டது.

பின் ஆக்சில், டிரான்ஸ்பர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) இரண்டிலும் ஆயில் தெளிவாகவே உள்ளது. தரையில் கசிவு இல்லை, சத்தமும் இல்லை. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மெல்லிய இரும்புப் பொடி மட்டுமே ஒட்டியிருந்தது (இந்த வயதுக்கு அது இயல்புதான்). ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். காரணம் தெரியாமல் அவ்வளவு செலவு செய்ய எனக்கு மனமில்லை.

ஆக்சிலை இறக்காமலேயே, தண்ணீர் நுழையும் இடத்தை உறுதியாகக் கண்டறிவது எப்படி?